குவாங்சோவில் ஒரு நாள் கிடைத்தால்: ஷிகுவானா, பழைய துறைமுகமா, தென்கடல் கோயிலா, ஷுண்டேயா?

சீனாவின் குவாங்சோவில் ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் பெரிய வணிகக் கண்காட்சியான கேன்டன் ஃபேர் மூன்று கட்டமாக நடக்கும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே மூன்று நாள் மண்டபங்களை மூடி ஸ்டால்களை மாற்றுவார்கள். ஏப்ரலிலும் சரி, அக்டோபரிலும் சரி, 20 முதல் 22 வரை அப்படி ஓர் இடைவெளி வரும். இரண்டு கட்டத்திலும் வேலை இருப்பவர்கள் ஊருக்குத் திரும்பவும் முடியாது, கண்காட்சிக்குப் போகவும் முடியாது. ஃபேக்டரி பார்ப்பது, ஏஜென்ட்டுடன் கணக்குப் பேசுவது எல்லாம் போக, எப்படியும் ஒரு நாள் கையில் மிஞ்சும்.

அந்த நாளில் நம் ஆட்களில் பெரும்பாலானோர் ஒரே வழியில்தான் போகிறார்கள். கேன்டன் டவர், பெய்ஜிங் ரோடு, ஷாமியன் தீவு, இரவில் முத்து ஆற்றில் படகு, சாப்பாட்டுக்கு ஷியாவ்பெய் பக்கம் ஓர் இந்திய உணவகம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, முதல் தடவை போகிறவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். இது ஏற்கெனவே அவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு.

நான் சிபாரிசு செய்ய நான்கு இடங்கள் உண்டு. நான்கையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, ஆகவே தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எது பெரியது, எது பழையது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இந்த ஊரில் சாப்பாடும் பார்க்கும் இடமும் கடிகாரத்தோடு கட்டிப் போட்டவை. காலை எட்டு மணிக்குக் களைகட்டியிருக்கும் சந்து மதியம் பன்னிரண்டுக்கு வெறும் சந்தாகிவிடும். எனவே அந்த நாளில் எத்தனை மணிக்கு நீங்கள் வெளியே கிளம்ப முடியும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இடம் தானாக முடிவாகிவிடும்.

காலையில் எழுந்திரிப்பவர்களுக்கு ஷிகுவான்

ஷிகுவான் என்பது பழைய நகரின் மேற்கு வாசலுக்கு வெளியே வளர்ந்த பகுதி, இன்றைய லிவான் மாவட்டத்தில் இருக்கிறது. கண்காட்சி நடக்கும் பாசோவிலிருந்து 8-ஆம் எண் மெட்ரோ எங்கும் மாறாமல் கொண்டுபோய் விடும். ஹுவாலின் கோயில் என்ற நிலையத்தில் இறங்குங்கள். ஏழரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அது முடியாது என்றால் இந்த இடத்தை விட்டுவிடலாம், பாதகமில்லை.

சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் யம் சா. காலையில் தேநீரோடு சிறு சிறு தட்டுகளாகச் சாப்பிடும் பழக்கம் இந்த ஊரில் ஓய்வுபெற்றவர்களின் தினசரி வேலை. 1880-இல் தொடங்கிய தாவ்தாவ் ஜூ, 1935-இல் தொடங்கிய குவாங்சோ ஜியூஜியா, லிவான் ஏரிக்கரையில் 1947-இலிருந்து இருக்கும் பான்சி என்று பெரிய பெயர்கள் எல்லாம் இந்தப் பகுதியில்தான். இவற்றை ‘அதிகம் தெரியாத இடங்கள்’ என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம். வந்ததும் கொடுக்கும் முதல் தேநீரில் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசி ஊற்றிவிடுவார்கள், அதைக் குடித்துவிடாதீர்கள். ஜாடியில் வெந்நீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும். யாராவது உங்களுக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையில் தட்டுவது நன்றி. தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாக வரும், அது ஏமாற்று அல்ல.

எனக்கு இதைவிடப் பிடித்தது சந்துகளில் இருக்கும் சாங்ஃபென் கடைகள். வாசலிலேயே செய்வதால் நின்று பார்க்கலாம். அரைத்த அரிசி மாவைக் கரண்டியில் மொண்டு, ஆவி வரும் தட்டின் மேல் விரித்த ஈரத்துணியில் ஊற்றிப் பரப்புகிறார்கள். நம் வீட்டு இட்லித் துணியை மேசை அகலத்துக்கு இழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். மேலே முட்டையோ, மாட்டிறைச்சியோ, இறாலோ தூவி மூடி வைத்தால் ஒரு நிமிடம் போல. அப்புறம் துணியோடு தூக்கிப் பக்கத்து மேசையில் கவிழ்த்துத் துணியை உரித்தெடுக்கிறார்கள். மாவு கிழியாமல் மெல்லிய தோல் மாதிரி அப்படியே நிற்கும். தட்டையான கரண்டியால் சுருட்டி, நாலு வெட்டு, மேலே லேசாக இனிக்கும் சோயா சாறு. விலை பத்து யுவானுக்கு முன்பின். உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் சாங்ஃபெனும் கிடைக்கும், சைவக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பலகை எதுவும் இருக்காது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டுச் செருப்போடு வந்திருந்தால் கடை நல்ல கடை.

சாப்பிட்ட பிறகு நடக்க இடம் நிறைய. நிலையத்தின் பெயருக்குக் காரணமான ஹுவாலின் கோயில் மரகதக் கல் கடைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. போதிதர்மர் கப்பலில் வந்து கரையிறங்கிய இடம் இதுதான் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆற்றங்கரை அன்று இவ்வளவு உள்ளே இருந்தது. அவர் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன மரபு சொல்கிறது, காஞ்சிபுரத்துக்காரர் என்பது அதையொட்டி வந்த பேச்சு. பொருந்துமா பொருந்தாதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போகிற ஒருவர் இந்தக் கோயிலைத் தாண்டிப் போய்க் கைப்பை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே ஐநூறு அர்ஹத்துகளின், அதாவது ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகளின், மண்டபம் இருக்கிறது. பழைய சிலைகள் பண்பாட்டுப் புரட்சியில் போய்விட்டன, இப்போதிருப்பவை பின்னால் செய்து வைத்தவை. அதில் தொப்பியும் தாடியுமாக இருக்கும் ஒருவரை மார்க்கோ போலோ என்று காட்டுவார்கள்.

அங்கிருந்து என்னிங் ரோடு நடக்கும் தூரம்தான். கடைகளின் மேல்தளம் நடைபாதைக்கு மேலே நீண்டு தூண்களில் நிற்கும் பழைய கட்டடங்கள், ஆகையால் மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். செம்புப் பாத்திரம் தட்டும் பட்டறைகள் சில இன்னும் இருக்கின்றன. அதையொட்டிய யோங்சிங் ஃபாங் புதுப்பித்த பகுதி. புரூஸ் லீயின் குடும்ப வீடும் கான்டனீஸ் நாடக அருங்காட்சியகமும் அங்கே உண்டு. படம் எடுக்க அழகு, ஆனால் வார இறுதியில் கூட்டம் தாங்காது. தெற்கே ஷாமியனுக்கு எதிரே சிங்பிங் சந்தை. சாக்கு சாக்காக உலர்ந்த காளான், கடல்குதிரை, நட்சத்திர மீன், பல வருடம் பழுக்க வைத்த ஆரஞ்சுத் தோல் என்று நாட்டு மருந்துச் சரக்குகள். வாங்க ஒன்றும் இருக்காது, மூக்குக்குத்தான் வேலை.

குறை சொல்வதென்றால், ஷிகுவான் முழுக்க நடை. வெயிலேறிய பிறகு ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும். பதினொன்றரைக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம்.

மதியத்துக்கு மேல்தான் நேரம் என்றால் ஹுவாங்பு பழைய துறைமுகம்

பாசோவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தும் கண்காட்சிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத இடம் இது. 1757-இல் அன்று சீனாவை ஆண்ட சிங் அரசு மேற்கத்திய வணிகத்தைக் குவாங்சோ ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. 1842-இல் நான்ஜிங் ஒப்பந்தம் வரும்வரை அதுதான் நிலை. பெரிய கப்பல்கள் நகரம் வரை வர முடியாது. ஹுவாங்புவில் நங்கூரம் போட்டு, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி, நகருக்கு வெளியே இருந்த பதின்மூன்று வெளிநாட்டுக் கிடங்குகளுக்கு அனுப்புவார்கள். அந்தக் கிடங்குகள் இருந்த இடம் இன்றைய ‘பண்பாட்டுப் பூங்கா’ மெட்ரோ நிலையத்தின் பக்கம். அதாவது 8-ஆம் எண் தடத்தின் கிழக்குக் கோடியில் கப்பல்கள் நின்றன, மேற்குப் பக்கம் சரக்கு இறங்கியது. இந்தியப் பருத்தி போனது இந்த வழியில்தான். 1784-இல் முதல் அமெரிக்க வணிகக் கப்பல் வந்ததும் இங்கேதான். 1745-இல் சொந்த ஊர்த் துறைமுகத்தின் வாசலில் மூழ்கிய சுவீடன் கப்பல் யோத்தபோரியின் மறுவடிவம் 2006-இல் குவாங்சோவுக்கு வந்தது.

துறைமுகம் என்று சொன்னாலும் இன்று பார்க்கக் கிடைப்பது ஒரு கிராமம்தான். சாம்பல் செங்கல் வீடுகள், குல முன்னோரை வணங்கும் மண்டபங்கள், வணிக வரலாற்றுக்கு ஒரு சிறு கண்காட்சி, ஆற்றின் கிளையொன்று. பெரிய எதிர்பார்ப்போடு போனால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். மதியம் மூன்று மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்ப, இதைவிடத் தோதான இடம் பாசோ பக்கத்தில் வேறில்லை. வான்ஷெங்வெய் நிலையத்தில் இறங்கி டாக்சியோ பேருந்தோ பிடிக்கலாம். அவசரம் இல்லாதவர்கள் கண்காட்சி மண்டபங்களை ஒட்டி ஆற்றோரமாக ஓடும் டிராமில் ஏறி வான்ஷெங்வெய் வரை போகலாம். வழியில் 1600-வாக்கில் கட்டிய பாசோ கோபுரம் வரும், கப்பல்களுக்கு அடையாளமாக நின்றது.

சாப்பிட இரண்டு விஷயம். ஒன்று படகுக் கஞ்சி, குழைய வெந்த அரிசிக் கஞ்சியில் மீன் துண்டு, கணவாய், வேர்க்கடலை, பொரித்த மாவுத் துண்டு போட்டது. ஒரு காலத்தில் படகுகளில் விற்றது. இன்னொன்று இஞ்சிப் பால். கிண்ணத்தில் பிழிந்த இஞ்சிச் சாறு இருக்கும், சுடவைத்து அளவாக ஆறிய பாலை மேலே உயரத்திலிருந்து ஒரே ஊற்றாக ஊற்றுவார்கள். கலக்கக் கூடாது. சில நிமிடத்தில் மேலே கரண்டி வைத்தால் மூழ்காத அளவுக்கு உறைந்துவிடும். உறை மோர் எதுவும் கிடையாது, இஞ்சியில் இருக்கும் ஒரு நொதிதான் அந்த வேலையைச் செய்கிறது. சூடு கூடினாலும் குறைந்தாலும் உறையாது. பான்யூ பக்கத்து ஷாவான் என்ற ஊர்தான் இதற்குப் பேர்போனது, ஆனாலும் இங்கே கிடைப்பது மோசமில்லை. சனி ஞாயிறில் உள்ளூர்க் குடும்பங்கள் குவிந்துவிடும், வார நாளில் போங்கள்.

முழு நாளும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தென்கடல் கோயில்

என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் முதலிடம். ஆனால் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பாசோவிலிருந்து மெட்ரோ மாறி மாறிப் போக வேண்டும். 13-ஆம் எண் தடத்தில் கோயிலின் பெயரிலேயே ‘நான்ஹாய் ஷென்மியாவ்’ என்று நிலையம் இருக்கிறது. போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

கி.பி. 594-இல் சுயி அரசர் காலத்தில் தென்கடலின் தெய்வத்துக்கு எழுப்பிய கோயில். கடலோடிகள் புறப்படும் முன்பு இங்கே வணங்கிவிட்டுப் போவார்கள். அரசர்களின் சார்பில் பூசை செய்ய வந்த அதிகாரிகள் வைத்த கல்வெட்டுகள் நிறைய. தாங் காலத்து எழுத்தாளர் ஹான் யூ வாசகம் எழுதிய 820-ஆம் ஆண்டுக் கல் அவற்றில் புகழ்பெற்றது. தலைநகரிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த சொங் காலத்துக் கவிஞர் சூ ஷி, பக்கத்துக் குன்றின் மேல் உள்ள மண்டபத்தில் சூரியோதயம் பார்த்துக் கவிதை எழுதினார். ஆறு வண்டல் போட்டு இன்று தள்ளிப் போய்விட்டது. கோயிலுக்கு முன்னால் தோண்டியபோது மிங், சிங் காலத்துப் படகுத்துறைகள் கிடைத்தன, அவற்றை மூடாமல் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது வாசல் பக்கம் நிற்கும் ஒரு சிலை. சீன அதிகாரியின் அங்கி, தலைப்பாகை, ஆனால் கறுத்த முகம், பெரிய கண்கள். ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தில் எதையோ தேடுகிறது. போலுவோ என்ற நாட்டிலிருந்து தாங் காலத்தில் வந்த தூதர் இவர் என்பது கதை. இந்தியாவைச் சேர்ந்தவர் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கையோடு கொண்டுவந்த பலா விதைகளைக் கோயில் முற்றத்தில் நட்டுக்கொண்டிருந்தபோது கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டதாம். கரையில் நின்று கடலையே பார்த்துப் பார்த்து அங்கேயே இறந்துபோனார். ஊர்க்காரர்கள் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். மக்கள் வாயில் இன்றும் இது போலுவோ கோயில்தான், பலாப்பழத்துக்குச் சீனத்தில் போலுவோமி என்றுதான் பெயர். இரண்டாம் சீன மாதத்தின் 11 முதல் 13 வரை பெரிய திருவிழா. இறகு ஒட்டிய காகிதச் சேவல்களை வாங்கிக்கொண்டு போவார்கள். அது பெரும்பாலும் மார்ச் வாக்கில் வரும், கண்காட்சிக் காலத்தில் போனால் கோயில் அமைதியாக இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சீனத் துறைமுகம் குவாங்சோ அல்ல, ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோ. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தென்கடல் கோயிலில் தமிழ் எழுத்தைத் தேடுகிறவர்கள் உண்டு, அங்கே கிடைக்காது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான்கில் கடைசி இடம் இதற்குத்தான். பக்கத்துக் கிராமத்தில் நூடுல்ஸ் கடைகள் உண்டு, பசிக்குப் போதும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து சாப்பிடுவது மேல்.

சாப்பாட்டுக்காகவே போவதென்றால் ஷுண்டே

குவாங்சோவில் சாப்பிடு, ஆனால் சமையற்காரர் ஷுண்டேக்காரர் என்று பழமொழியே உண்டு. பக்கத்து ஃபோஷான் நகரின் ஒரு மாவட்டம். 2014-இல் யுனெஸ்கோ இதை உணவுக் கலை நகரமாக அறிவித்தது. இப்போது மெட்ரோ தடங்கள் மாறி மாறி ஷுண்டே வரை போய்விடலாம். போக வர மூன்று மணி நேரம் போய்விடும் என்று கணக்குப் போடுங்கள்.

தாலியாங் பகுதியில் எருமைப் பாலில் செய்யும் இரட்டை ஆடைப் பாலுக்காகவே போகலாம். பாலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி ஆடை படியவிட்டு, ஆடையைக் கிண்ணத்திலேயே விட்டுப் பாலை மட்டும் வடித்து, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து திரும்ப ஊற்றி ஆவியில் வைக்கிறார்கள். பழைய ஆடை மிதந்து மேலே வர, புதிதாக இன்னொன்று படிகிறது. பாலை வெள்ளைக்கருவோடு வாணலியில் புரட்டிச் செய்யும் வறுத்த பாலும் இந்த ஊர்ச் சரக்கு. நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் நன்றாக இருக்கும். சென்சுன் அரிசித் தகடு இன்னொன்று. நடுவில் சிங்ஹுயி தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்பேன். இங்கே பச்சை ஆற்றுமீனைக் கண்ணாடி மாதிரி சீவி, எண்ணெய், வேர்க்கடலை, இஞ்சியோடு கலந்து கொடுப்பார்கள். பார்க்கப் பிரமாதம். ஆனால் குவாங்டாங்கில் நன்னீர் மீன் வழியாகப் பரவும் கல்லீரல் புழு நெடுநாள் பிரச்சினை. ஊர்க்காரர்கள் சாப்பிடுகிறார்களே என்று நாமும் இறங்க வேண்டியதில்லை. மீனும் பன்றி இறைச்சியும் சாப்பிடாதவர்களுக்கு ஷுண்டே வரை போவது பெரிதாகப் பயன்படாது, இனிப்புக்கு மட்டும் மூன்று மணி நேரப் பயணம் அதிகம்.

தோங்ஷான்கோவையும் சிலர் சொல்வார்கள். வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் 1920, 30-களில் கட்டிய செங்கல் வீடுகள், இப்போது அவற்றில் காபிக் கடைகள். காபி பிடித்தவர்களுக்குச் சரி. நான் அதற்காக ஒரு நாளைச் செலவு செய்ய மாட்டேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மேலே சொன்ன நான்கில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காய் என்று கேட்டாலும் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்து வரும், கஞ்சி எலும்பு வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். ‘முட்டை, மீன், இறைச்சி, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு, எலும்பு நீர் எதுவும் வேண்டாம்’ என்று சீனத்தில் எழுதி ஃபோனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பெய்ஜிங் ரோடு பக்கத்தில் தாஃபோ கோயிலைச் சார்ந்த சைவ உணவகம் நம்பிப் போகக்கூடிய இடம். ஷிகுவானில் காலை வெறும் சாங்ஃபென், மதியம் தாஃபோ கோயில் என்று வைத்துக்கொண்டால் சைவக்காரருக்கும் அந்த நாள் ஓடிவிடும். பன்றி இறைச்சியை மட்டும் தவிர்க்க நினைப்பவர்கள் பச்சைப் பலகை போட்ட முஸ்லிம் நூடுல்ஸ் கடைகளைப் பார்க்கலாம், எல்லாப் பகுதியிலும் உண்டு.

அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் நம் கார்டை ஊரிலேயே இணைத்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சந்துக் கடைகளில் காசை வாங்கிக்கொள்வார்கள், சில்லறைக்குத்தான் தேடுவார்கள். கூகுள் மேப் அங்கே சரிவராது, கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் காட்டும். உள்ளூர் மேப் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ எது? ஆறரை மணிக்கு எழுந்துவிடுவீர்கள் என்றால் ஷிகுவான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. காலையில் தூங்கிவிட்டு மதியம் கிளம்புகிற ஆள் என்றால் பழைய துறைமுகம். கல்வெட்டு, கப்பல் கதை என்றால் நேரம் போவதே தெரியாதவர்கள் தென்கடல் கோயில். நாலு பேர் சேர்ந்து, எதையும் சாப்பிடுகிற கூட்டமாக இருந்தால் ஷுண்டே. நாலு தட்டு வாங்கிப் பகிர ஆள் இல்லாமல் தனியாக அங்கே போவது வீண். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் காலை ஷிகுவான், மதியம் அறைக்கு வந்து ஒரு தூக்கம், சாயந்திரம் பழைய துறைமுகம். இரண்டும் ஒரே மெட்ரோ தடத்தில் இருப்பதால் இது முடியும். அடுத்த நாளைத் தென்கடல் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் போனால் குடை கட்டாயம்.